நான் பெயர் வைத்த குழந்தை

பெண்கள் பள்ளி விடுதி,
லிக்கோமா தீவு,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்பிற்குரிய கேப்டன் கம்வெண்டோ அவர்களுக்கு,

நடந்தது எல்லாவற்றையும் உண்மையாக எழுதப்போகிறேன். எனக்கு நிச்சயமாகத் தெரியாததைத் தெரியாது என்றே எழுதுவேன். என் பெயர் எலூபி. விமானத்தில் உங்கள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, கருவிகளைக் காட்டி இது என்ன முள், அது என்ன முள் என்று கேட்டுக்கொண்டே வந்த கண்ணாடி போட்ட பெண்.

உங்கள் தோள் எலும்பு கூடிவிட்டதா? எங்கள் தீவு நர்ஸின் தங்கை நீங்கள் படுத்திருக்கும் ஆஸ்பத்திரியில்தான் வேலை செய்கிறார். யார் கட்டிலருகே வந்தாலும் குழந்தை கிடைத்ததா என்று நீங்கள் கேட்பதாகவும், இனிமேல் விமானம் ஓட்டமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டதாகவும் அவர் சொல்லி அனுப்பினார். வியாழக்கிழமை அதைக் கேட்டேன். அன்றிலிருந்து எனக்குப் பாடம் ஏறவில்லை.

பிறகு தைரியம் போய்விடலாம், அதனால் முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஏரியில் எந்தக் குழந்தையும் இறக்கவில்லை. சித்தியின் முதுகில் இருந்தது தையல் இயந்திரம்.

அது அங்கே வந்ததற்குக் காரணம் நான். கண் பரிசோதனைக்காக எஃப்ரிதா சித்தி என்னை லிலொங்வேக்குக் கூட்டிப் போயிருந்தாள். கப்பல் பழுதாகி நின்றதால், திரும்பி வர மிஷன்காரர்கள் உங்கள் விமானத்தில் இரண்டு இடம் வாங்கித் தந்தார்கள். ஆளுக்குப் பத்து கிலோதான் என்று சொல்லியிருந்தார்கள். ஒரு நூலகத்தில் கழித்துப்போட்ட புத்தகங்களை நான் பொறுக்கி வைத்திருந்தேன். என் பத்து கிலோவையும் சித்தியின் பத்து கிலோவையும் அவையே தின்றுவிட்டன. சித்தி ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுப்பவள். அடுத்த வீட்டு இயந்திரத்தை இரவல் வாங்கி ஒன்பது வருஷம் தைத்துவிட்டு, அன்றுதான் சொந்தமாகப் பழைய இயந்திரம் ஒன்றின் தலைப்பகுதியை வாங்கியிருந்தாள்.

“புஸ்தகத்த இங்கயே விட்டுட்டு வாடி, அதுவா உனக்குப் பாவாடை தச்சுக் கொடுக்கப்போகுது?” என்று கேட்டாள். நான் பையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவள் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு கழிவறைப் பக்கம் போனாள். திரும்பி வரும்போது இயந்திரம் முதுகில் இருந்தது. பிள்ளையை முதுகில் சுமக்கும் சிதென்ஜெத் துணியால் இறுக்கிக் கட்டி, அதன் மூக்குக்குக் கம்பளிக் குல்லாய் மாட்டியிருந்தாள். சாமான் வரிசையில் நின்ற பெண்கள் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. ஒருத்தி, “மெதுவா பேசுங்க, பிள்ள இப்பத்தான் கண்ணசந்துது” என்று மற்றவர்களை அதட்டவே செய்தாள்.

நீங்கள் துணியை விலக்கிப் பார்க்கவில்லை. தூங்கும் குழந்தையின் முகத்தை நல்லபடியாக வளர்ந்தவர் யாரும் திறந்து பார்க்கமாட்டார் என்று சித்திக்குத் தெரியும். தாளில் எழுதுவதற்காகப் பெயர் மட்டும் கேட்டீர்கள். சித்தி தரையைப் பார்த்தாள். அவளுக்குப் பொய் வரவில்லை. “தியாமிகே, பெண் குழந்தை, ஏழு மாதம்” என்று சொன்னது நான்தான். யாரும் கேட்காமலே வயதையும் சொன்னேன். நீங்கள் சிரித்து, உங்கள் மகளுக்கும் அதே பெயர்தான் என்றீர்கள்.

இனி ஏரியில் நடந்தது. இங்கேதான் எனக்கு எல்லாம் குழம்புகிறது. எஞ்சின் முதலில் இருமியதா, அல்லது நீங்கள் முதலில் பேச்சை நிறுத்தினீர்களா? முன்னால் சுழலி அசையாமல் நின்றதும், அதன் நுனியில் மஞ்சள் பட்டை இருப்பதை முதன்முறையாகப் பார்த்ததும் நினைவிருக்கிறது. பிறகு ஒரே அமைதி. சித்தி பின்னால் ஜெபம் சொன்னாள் என்று நினைத்திருந்தேன். தான் வாயே திறக்கவில்லை என்கிறாள் அவள். அப்படியானால் அந்தக் குரல் உங்களுடையதா? கரையில் மீன் காயவைக்கும் பரண்கள் தெரிந்தன. அதுவரை போய்விடலாம் என்றீர்கள். போக முடியவில்லை. தண்ணீர் கல்லைப்போல இரண்டு முறை அடித்தது. மூன்றாவது அடியில் விமானத்தின் மூக்கு உள்ளே போனது.

நீங்கள் என்னைத் தூக்கி இறக்கையின்மேல் போட்டீர்கள். சித்தி கடைசியாக வந்தாள். பாரம் கீழே இழுத்ததால் உள்ளேயே முடிச்சை அவிழ்த்துவிட்டிருந்தாள். அவளுடைய வெறும் முதுகைப் பார்த்து, “அம்மா, பிள்ள எங்க?” என்று கேட்டீர்கள். கையை மட்டும் விமானத்தின் பக்கம் நீட்டினாள். அவள் காட்டியது இயந்திரத்தை. நீங்கள் குதித்துவிட்டீர்கள்.

மூன்று முறை உள்ளே போனீர்கள். இரண்டாம் முறை வெளியே வந்தபோதே உங்கள் கை தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கையோடு மறுபடியும் போனீர்கள். அப்போது நான் கத்தினேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. என் வாய் திறந்திருந்தது. சத்தம் வந்ததா என்று எனக்குத் தெரியாது.

மரத்தோணியில் வந்த மீனவர் முதலில் கேலி செய்தார். “ஆகாசத்துல போறவங்களும் கடைசில எங்க வலைக்குத்தான் வரணுமா?” என்றார். உள்ளே ஒரு குழந்தை இருக்கிறது என்று நீங்கள் சொன்னதும் பிடித்த மீனையெல்லாம் தண்ணீரில் கொட்டிவிட்டு வலை வீசினார். கரையில் கான்ஸ்டபிள் உங்களிடம் கேட்டுக் குழந்தையின் பெயரை நோட்டில் எழுதியபிறகு உங்களை வண்டியில் ஏற்றினார்கள். முன்பின் தெரியாத அந்தக் கிராமமே இரண்டு நாள் தேடியது. பெண்கள் சித்தியைப் பாயில் உட்கார வைத்து, கூடவே தரையில் படுத்து அழுதார்கள். சித்தியும் அழுதாள். அவளுக்குப் பிள்ளை கிடையாது. அவள் எதற்காக அழுதாள் என்று நான் எத்தனையோ முறை யோசித்துவிட்டேன், விளங்கவில்லை. இதை எழுதவே பயமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை: தோணியோரம் ஒரு சின்னப் பாதத்தைப் பார்த்ததுபோல எனக்கே சில நாள் தோன்றுகிறது. இல்லாத குழந்தைக்குப் பாதம் எங்கிருந்து வந்தது?

அறிவியல் ஆசிரியரிடம் கணக்குக் கேட்பதுபோலக் கேட்டேன். இயந்திரத்தின் எடையான பதினொரு கிலோ, விமானத்தின் எஞ்சினை நிறுத்தாது என்றார். ஆனால் எஞ்சின் நின்றபிறகு கொஞ்சம் சீக்கிரம் கீழே இறக்கலாம் என்றார். அந்த ‘கொஞ்சம்’ கரைக்கும் நமக்கும் இடையே இருந்த தூரமா? எங்களால்தான் கரையை எட்டவில்லையா? இதை நீங்கள்தான் சொல்ல முடியும். கோபமாகச் சொன்னாலும் சரி.

உண்மையைச் சொன்னால் சிறைக்கு அனுப்புவார்கள் என்று சித்தி இதுவரை பயந்தாள். நேற்று மதியம் அவள் வீட்டுக்குப் போய், உங்களுக்கு எழுதப்போகிறேன் என்றேன். கஞ்சியைக் கிளறிக்கொண்டே இருந்தாள். அடி பிடித்த வாசனை வந்தபிறகுதான் பேசினாள். “எழுதிடு. முடிச்ச அவுத்தது நான், கையக் காட்டினதும் நான். எம் பேரையும் சேர்த்து எழுது. ஆனா அந்தப் பொம்பளைங்க என்கூட அழுதாங்களே, அத மட்டும் பொய்யினு எழுதிடாத.” நான் அப்படி எழுதவில்லை. நாளைக்கு அவளும் நானும் கான்ஸ்டபிளுக்கு இன்னொரு கடிதம் எழுதுவோம். தாளில் உங்கள்மேல் ஒரு மரணம் இருக்கக் கூடாது.

நீங்கள் எங்களை மன்னிக்க வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். கண்ணை மூடும்போது உங்களுக்கு அந்த விமானத்தின் உள்ளே தெரியுமானால், இருக்கைகளை இன்னொரு தரம் எண்ணிப் பாருங்கள். முன்னால் நீங்கள், பக்கத்தில் நான், பின்னால் சித்தி. ஏறியது மூன்று பேர். மூன்று பேரையும் வெளியே கொண்டுவந்துவிட்டீர்கள். அங்கே நீங்கள் விட்டுவந்தவர் யாரும் இல்லை. உங்கள் மகள் தியாமிகே நெடுங்காலம் நலமாக இருக்க வேண்டும் என்று சித்தி தினமும் ஜெபிக்கிறாள். தயவுசெய்து திரும்பவும் பறக்க

விடுதியில் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.

எலூபி மலிண்டிமா