நாற்பது படங்களும் ஒரு கையெழுத்தும்

பிரிக்ஃபீல்ட்ஸ்,
18.9.1997

அன்புள்ள அத்தானுக்கு,

புஷ்பவல்லி எழுதுவது. உங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை என்று நம்புகிறேன். இங்கே புகைமூட்டம் இன்னும் விலகவில்லை. கிள்ளானில் அம்மாவுக்கு மூச்சிரைப்பு அதிகமாகி இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார். மாப்பிள்ளை போன் செய்தாரா என்று கேட்டார். சென்னைக்கு லைன் கிடைக்கவில்லை என்று சொல்லிவைத்தேன். பன்னிரண்டு நாளாக உங்களிடமிருந்து போனே இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை அரசாங்கக் குழுவின் முன் விசாரணை நடந்தது. தமிழ்ப் படங்களையெல்லாம் பெரிய கம்பெனி பத்து வருடத்துக்குத் தனக்கு மட்டும் என்று எழுதி வாங்கிக்கொள்கிறது, நம்மைப் போன்ற சின்ன கேபிள் டிவிக்குக் காட்டப் படமே இல்லை என்று நம் முதலாளி பாலன் அண்ணன் கொடுத்த புகார்தான். படம் கேட்டு நாம் அனுப்பிய கடிதங்களை டைப் செய்தவள் என்பதால் என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். எல்லோரும் கைவிரித்த பிறகு உங்களைச் சென்னைக்கு நேரில் அனுப்பினோம், நாற்பது படங்களுக்காக ஒரு தயாரிப்பாளரிடம் நீங்கள் பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்று சொன்னேன். தைரியமாகத்தான் சொன்னேன்.

பெரிய கம்பெனியின் வக்கீல் ஒரு சீனப் பெண்மணி. மரியாதையாகவே பேசினார். ஓர் ஒப்பந்தத்தை என் முன்னால் வைத்தார். அதே நாற்பது படங்கள். பத்து வருடத்துக்கு அவர்களுக்கு மட்டும். அவர்களுடைய சென்னைப் பிரதிநிதி என்ற இடத்தில் ஒரு கையெழுத்து. நீங்கள் போய் இறங்கிய மூன்றாம் நாள் தேதி. "இது யார் கையெழுத்து என்று தெரிகிறதா?" என்று கேட்டார்.

நம் கல்யாணப் பதிவில் என் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் கையெழுத்து அது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பாலன் அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "என் கணவருடையது" என்றேன்.

நம் ஆளே அவர்களுக்கு வாங்கிக் கொடுத்திருக்கும்போது நமக்குப் படம் வரும் வழியை அடைத்தது யார் என்று வக்கீல் கேட்டார். குழுவில் யாரும் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. அக்டோபர் ஆறாம் தேதிக்குள் நம் பக்கத்திலிருந்து பதில் வராவிட்டால் புகார் தள்ளுபடி.

ஆபீஸில் பதினோரு பேர். ரமணி ஒருத்திதான் வாய் திறந்தாள். "அக்கா, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" இல்லை என்றேன். நம்பினாளா என்று தெரியவில்லை.

நாளை சபாபதி அண்ணன் சென்னைக்கு வருகிறார். கடிதத்தை உங்கள் கையிலேயே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் உங்களிடம் என்ன பேசினார்கள் என்பதை நீங்கள்தான் சொல்ல முடியும். நமக்குச் சாதகமோ பாதகமோ, நடந்ததை நடந்தபடி குழுவுக்குச் சொல்லுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

புஷ்பவல்லி

பிரிக்ஃபீல்ட்ஸ்,
14.10.1997

அன்புள்ள அத்தானுக்கு,

அம்மா இப்போது தேவலாம். நீங்கள் அனுப்பிய வாக்குமூலம் நான்காம் தேதி கிடைத்தது. ஆறாம் தேதி குழுவின் முன் வாசித்தார்கள். கையெழுத்துப் போடாவிட்டால் பாலனுக்கு இனிச் சென்னையில் யாரும் ஒரு படம்கூடத் தர மாட்டார்கள் என்று பெரிய கம்பெனி ஆள் மிரட்டியது, போட்டால் உங்களுக்கு வேலை என்றது, சொன்னவர் பெயர், ஹோட்டல், நாள் எல்லாம் அதில் இருந்தன. அந்த வேலைக்கு ஆசைப்பட்டதையும் நீங்கள் மறைக்கவில்லை. அந்த இடம் வந்தபோது தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் அதை எழுதாமல் விட்டிருந்தால் மற்றதையும் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

அந்த வக்கீல் வெகுநேரம் வாதாடினார். நேற்றுதான் முடிவு சொன்னார்கள். பெரிய கம்பெனி ஒரு படத்தைக் காட்டி ஆறு மாதம் ஆனதும் நியாயமான விலைக்கு நமக்கும் கொடுக்க வேண்டும். புதுப் படம் முதலில் அவர்களுக்குத்தான். முழு வெற்றி என்று சொல்ல முடியாது. கடையை மூட வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் பாலன் அண்ணன் உங்களைப் பற்றித்தான் பேசினார். "அவன் பயந்துட்டான்லா. அதுக்காக மெட்ராஸ்லயே கெடக்கணுமா? வரச் சொல்லும்மா" என்றார். உங்கள் மேசையை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. ரமணி மட்டும், "வந்தா நான் பேச மாட்டேன்கா" என்கிறாள். அதையும் தெரிந்துகொண்டுதான் நீங்கள் வர வேண்டும்.

குழுவுக்கு நான்கு பக்கம் எழுதினீர்கள். உறைக்குள் எனக்கென்று ஏதாவது இருக்கும் என்று இரண்டு முறை தேடினேன். ஒரு வரிகூட இல்லை.

தீபாவளிக்கு இன்னும் பதினாறு நாள். என்றைக்கு விமானம் என்று மட்டும் தெரிவியுங்கள், சுபாங் விமான நிலையத்துக்கு நானே வருகிறேன். நான் என்ன கேட்பேன் என்று இப்போது எனக்கே தெரியாது. அழலாம், பேசாமலும் இருக்கலாம். அதற்குப் பயந்து அங்கேயே இருந்துவிடாதீர்கள். பத்திரமாக வந்து சேருங்கள்.

உங்கள்
புஷ்பவல்லி