அஞ்சு சிலிண்டரில் இறங்கிய மலை

சம்மந்தி,

இன்று காலையில் என் பொண்ணு, அதாவது உங்க மருமகள், உங்க மஞ்சப்பையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். "மாமா பீரோவுல இருந்துச்சுப்பா. இத்த தொடறதுக்கு எங்க வூட்ல ஆளு இல்ல. நீயே வெச்சுக்கோ" என்றாள். முடிச்சை அவிழ்த்ததும் ஒரு வாசனை வந்தது பாருங்க. தீய்ந்த ஒயர், பழைய ரப்பர், நடுவில் கடுக்காய். நீங்களே தோளில் கை போட்டு நின்ற மாதிரி இருந்தது. உள்ளே உங்க மீட்டர், டேப்பு, டெஸ்ட் லேம்ப். அடியில் இன்னொரு சாமான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பொண்ணு பார்க்க வந்த அன்றே இந்தப் பை உங்க தோளில் இருந்தது. கேசரி வைத்தோம், பஜ்ஜி வைத்தோம். வந்த சனமெல்லாம் பொண்ணைப் பார்த்தது, நீங்க எங்க வூட்டுச் சுவரில் இருந்த பிளக்கைப் பார்த்தீங்க. மீட்டரை எடுத்துச் சொருகிவிட்டு, "எர்த்து இல்லீங்களே, பொம்பளைங்க பொழங்கற வூடு" என்றீங்க. கள்ளக்குறிச்சியிலிருந்து சங்கராபுரம் வரைக்கும் என்னிடம் அப்படிக் குறை சொன்னவன் எவனும் கிடையாது. மாப்பிள்ளை வீட்டுக்காரராயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். மறுநாளே ஆளைக் கூப்பிட்டு எர்த்து போட்டேன். அதை உங்களிடம் சொல்லவே இல்லை.

நான் எட்டாவதைப் பாதியில் விட்டவன்தான். ஆனால் வண்டி என்று வந்துவிட்டால், கல்வராயன் மலையில் என் லாரி போகாத வளைவு இல்லை. நான் ஆரன் அடித்தால் கரடி ஒதுங்கி நிற்கும். இதைச் சொன்னால் நீங்க சிரிக்க மாட்டீங்க, மறுக்கவும் மாட்டீங்க. மூக்குக்கண்ணாடியைத் துடைப்பீங்க. அந்தத் துடைப்புக்கே எனக்கு வேர்க்கும்.

அந்த மரவள்ளி லோடு ஏற்றிய அன்றைக்குத்தான் உங்களை நான் முழுசாகப் பார்த்தேன். கடுக்காய் வாங்கவேண்டும் என்று என்னோடு மலைக்கு வந்தீங்க. திரும்பும்போது குப்பாயி அம்மாவின் கிழங்கை ஏற்றினோம். ஒரு வருஷம் அந்த அம்மா சரிவில் குனிந்து வளர்த்தது மொத்தமும் என் வண்டியில். கிழங்கைப் பிடுங்கிவிட்டால் அது யாருக்கும் காத்திருக்காது. நிற்க நிற்க உள்ளே கறுக்கும், மாவு குறையும். சின்னசேலம் பக்கத்தில் ஜவ்வரிசி பண்ணும் சேகோ ஆலையில் மாவுக்குப் பாயிண்ட் பார்ப்பார்கள். பாயிண்ட் இறங்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பிடுங்கி ஒரு நாள் ஏற்கெனவே போயிருந்தது. அந்த அம்மாவும் கேபினில் நம்மோடு உட்கார்ந்து வந்தது.

வெள்ளிமலை ஏற்றத்தில் வண்டி திடீரென்று உதறியது. நொண்டி மாடு மாதிரி தடக், தடக். மிதித்தால் சத்தம் வருகிறது, இழுவை வரவில்லை. போர்டில் மஞ்சள் விளக்கு. வேறு எவனாவது ஓட்டியிருந்தால் பின்னாலேயே உருண்டு சேலத்தில்தான் நின்றிருப்பான். நான் சொந்தத் தம்பியைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டு, சமதரையில் ஒரு பலா மரத்தடிக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன்.

"டீசல்ல தண்ணி! எனக்கு வாசனையிலயே தெரிஞ்சிபோச்சு" என்று பில்டரைத் திறந்தேன். டீசல் தேன் மாதிரி சுத்தமாக வந்தது. மறுபடி பிடித்தேன். மறுபடி தேன்.

"இன்னும் எவ்ளோ புடிப்பீங்க? நான் தேனு வாங்க வரல, கடுக்கா வாங்க வந்தேன்" என்றீங்க.

என்ஜின் ஆறியதும் கேபினைக் கவிழ்க்கச் சொன்னீங்க. ஸ்டார்ட் பண்ணச் சொல்லிக் கொஞ்ச நேரம் ஓடவிட்டீங்க. குப்பாயி அம்மாவின் தண்ணி சொம்பை வாங்கி, புகை வெளியேறும் குழாய்களின் மேல் ஒவ்வொன்றாகத் தெளித்தீங்க. முன்னால் இருந்த மூன்றும் சுர்ர் என்றன. பின்னால் இருந்த மூன்றும் ஊமை. அந்த மூன்று சிலிண்டரிலும் நெருப்பே இல்லை.

"மூணு இன்ஜெக்டரும் போச்சா?" என்றேன். குப்பாயி அம்மா கிழங்கு மூட்டைகளைப் பார்த்தது.

"மூணு பேரும் ஒண்ணா சாவ மாட்டாங்க சம்மந்தி. மூணு பேருக்கும் கரண்டு ஒரே வழியில வருது. எவனோ ஒருத்தன் பாடியில ஒட்டிக்கினு கரண்ட கீழ கொட்றான். கம்ப்யூட்டர் பொட்டி பயந்துகினு மூணு பேரையும் நிறுத்திடுச்சு. அந்த ஒருத்தன கண்டுபுடிச்சி கழட்டி வுட்டா மத்தவங்க எழுந்துக்குவாங்க."

பிறகு அந்த இன்ஜெக்டர் எப்படி வேலை செய்கிறது என்று சொன்னீங்க. சொட்டுக்கும் குறைவான டீசல், கண் இமைக்கிற நேரத்துக்குள் திறந்து மூடி, அதையும் இரண்டு மூன்று தடவையாகப் பிரித்துப் பீய்ச்சும் என்று. அத்தனையும் ஒரு ஒயரில் வருகிற கரண்டு சொன்னால்தான் நடக்கும் என்று. ஆயுசு பூரா ஓட்டியவன் நான். என் காலுக்கடியில் இப்படி ஒரு திருவிழா நடக்கிறது என்று எனக்கு யாருமே சொன்னதில்லை. வாயைத் திறந்தபடி கையை நீட்டினேன். பட்டென்று அடித்தீங்க.

"என்ஜின் ஓடும்போது அந்த ஒயர்ல கைய வெக்காதீங்க! வூட்டு கரண்டு மாதிரி ஒதைக்கும். என் புள்ளைக்கு நான் வேற மாமனாரு தேடிக்கினு சுத்த முடியாது."

நிறுத்துவது, ஒரு பிளக்கைக் கழற்றுவது, ஸ்டார்ட் பண்ணுவது, காது கொடுப்பது. நாலாவது சிலிண்டரின் பிளக்கைக் கழற்றினோம். அதே நொண்டல். திரும்ப மாட்டிவிட்டு அடுத்தது. அதே நொண்டல். கடைசியில் இருந்த ஆறாவதைக் கழற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினேன். சம்மந்தி, அந்தச் சத்தம்! படுத்துக் கிடந்த வண்டி முழங்காலை ஊன்றி எழுந்த சத்தம். ஒன்றைக் கழற்றியதற்கு இரண்டு உயிர் வந்தது. என் கையில் மயிர் எழுந்து நின்றது. பலா மரத்தில் இருந்த குருவியெல்லாம் பறந்தது. இதில் நான் கூட்டிச் சொல்லவில்லை.

"இன்னா சாமி இது, ஒண்ண ஒடிச்சிப்போட்டா ரெண்டு துளிருது. எங்க கெழங்குக் குச்சி மாதிரி" என்றது குப்பாயி அம்மா.

நீங்க சிரிக்கவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு மீட்டரை வைத்தீங்க. இன்ஜெக்டர் சுத்தம். ஒயரில் வைத்தால் கீ என்று கத்தியது. ஒயர் வழியாக விரலை ஓட்டிக்கொண்டே போனீங்க. ஒரு இரும்புப் பட்டைக்குப் பின்னால் விரல் நின்றது. முகமும் அப்படியே நின்றது.

கறுப்புக் கயிறு. அதில் ஒரு செம்புத் தாயத்து.

வண்டி எனக்கு வந்த புதிதில் நீங்க கட்டியது. மலைக் கோயிலில் வைத்துப் பூஜை பண்ணி, "கண்ணுல படாத எடத்துல கட்டணும்" என்று சொல்லி, யார் கையும் போகாத இடமாகத் தேடிக் கட்டினீங்க. அது அதிர்ந்து அதிர்ந்து, ஒயரின் தோலைத் தேய்த்து, உள்ளே இருந்த செம்பைத் தொட்டு, இந்தப் பக்கம் இரும்பையும் தொட்டுவிட்டது.

குப்பாயி அம்மா எட்டிப் பார்க்க வந்தது. நான் சட்டென்று தாயத்தை என் கைக்குள் மூடிக்கொண்டேன். "எலிம்மா! மலை எலி! மொசலு பருமன் இருக்கும், ஒயர கடிச்சிக்கினு ஓடிச்சு, நானே பாத்தேன்" என்றேன். கரண்டு வேலையில் இந்தப் பக்கமே பேர்சொல்லும் என் சம்மந்தியை ஒரு கிழங்கு மூட்டைக்கு முன்னால் நான் விட்டுக்கொடுப்பேனா?

நீங்க என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தீங்க.

"எலி இல்லம்மா. நான் கட்டனது. என்னாலதான் உன் கெழங்கு வெயில்ல நிக்குது" என்றீங்க.

நான் மலையைப் பார்த்திருக்கிறேன், ஆத்து வெள்ளம் பார்த்திருக்கிறேன். அத்தனை பெரிதாக ஒரு ஆள் நின்று நான் பார்த்ததில்லை.

அந்த அம்மா தாயத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. "சாமி மேல தப்பு இல்ல, உம்மேலயும் இல்ல. கட்டன எடந்தான் தப்பு. வண்டிய எடுங்க."

டேப்பு சுற்றி ஆறாவதையும் மாட்டிவிடலாமே என்றேன். "சூட்டுல டேப்பு நெகிழ்ந்துடும். எறக்கத்துல மறுபடியும் ஒட்டிச்சின்னா மூணும் நிக்கும். அஞ்சுல போவலாம். பொறுமையா போங்க" என்றீங்க. அஞ்சில் இறங்கினோம். இறக்கம் முழுக்கக் கண்ணை மூடி, என்ஜின் மூடி மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டே வந்தீங்க, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைப்பது போல. கச்சிராயபாளையம் வந்த பிறகுதான் கையை எடுத்தீங்க. ஆலையில் பாயிண்ட் இறங்காமல் நின்றது. குப்பாயி அம்மா என்னை விட்டுவிட்டு உங்களைத்தான் கும்பிட்டது. ஓட்டியது நான்! சரி, போகட்டும்.

சின்னசேலத்தில் புது ஒயர் போட்டு ஆறாவதை மாட்டினீங்க. நொண்டல் போய்விட்டது.

எலியை மட்டும் நான் விடவில்லை. டீக்கடையில் அது பூனையளவு ஆனது, கல்யாண வீடுகளில் நாயளவு ஆனது. நீங்க பக்கத்தில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்பீங்க. "எலிக்கு இப்ப இன்னா எடை, சம்மந்தி?"

உங்க கருமாதி அன்று பந்தலில் எல்லோரும் அந்தக் கதையைச் சொல்லச் சொன்னார்கள். முதல் தடவையாக எலி இல்லாமல் சொன்னேன். தாயத்தைச் சொன்னேன், என் விரலை நீங்க பிரித்ததைச் சொன்னேன். ஒருத்தனும் நம்பவில்லை. "எலிய எங்க மாமா வுட்ட?" என்று கேட்டானுங்க. நான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன்.

பையின் அடியில் இருந்த சாமான் அந்தத் தாயத்துதான். அன்றைக்கு நீங்க எடுத்துப்போனதை உங்க வூட்டுக் கண்ணாடியில் தொங்கவிட்டிருப்பீங்க, கோயிலில் போட்டிருப்பீங்க என்று நினைத்திருந்தேன். ஒருபக்கம் தேய்ந்து பளபளக்கிறது. மீட்டரை எடுக்கும் ஒவ்வொரு தடவையும் விரலில் பட வேண்டும் என்றே அங்கே போட்டு வைத்திருக்கீங்க. இனி என் விரலில் படட்டும்.

வூடு ஓடுது சம்மந்தி. பொண்ணு சிரிக்கிறாள், மாப்பிள்ளை வேலைக்குப் போகிறார், சனம் வருகிறது, போகிறது. இழுவையில் குறையில்லை என்றுதான் வெளியில் பார்க்கிறவர்கள் சொல்வார்கள். அஞ்சில் ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்கிறது. அன்றைக்கு ஆறாவது சின்னசேலத்தில் திரும்பி வந்தது.