மிளகாய் கமறாத அன்று

மச்சாள்,

என் தலைமயிரில் செத்தல் மிளகாய் எரிந்த மணம் இன்னும் போகவில்லை. எனக்கும் இப்போது ஏழாம் மாதம். நேற்றிலிருந்து தலையிடி. ஊர்க்கண் பட்டிருக்கும் என்று காலையில் அம்மா எனக்கு நாவூறு கழித்தார். உங்களுக்குக் கழித்த அதே வெள்ளவத்தை வீட்டில், அதே குசினியில்.

அண்ணாவின் பிள்ளையைச் சுமந்தபோது உங்கள் முகமும் கையும் ஊதிக் கிடந்தன. மோதிரம் கழலவில்லை. கிருலப்பனையிலிருந்து பலகாரத்தோடு வந்த சொந்தக்காரர், "மருமகளுக்கு முகம் பூரிச்சு என்ன வடிவா இருக்கு!" என்றார்கள். நீங்கள் என் காதுக்குள், "வீங்கினாத்தான் வடிவெண்டா நான் ஏனடி இவ்வளவு காலம் பட்டினி கிடந்தனான்?" என்றீர்கள். சிரித்தோம்.

மறுநாள் தலையிடி. வடிவு என்று சொன்ன வாய்கள்மேல் அம்மா பழியைப் போட்டு மிளகாயைச் சுற்றி நெருப்பில் போட்டார். கமறவே இல்லை. "பாத்தியளே, எவ்வளவு நாவூறு!" என்றார். மிளகாய் கமறாவிட்டால் நாவூறுதான் என்பதில் எங்கள் வீட்டில் இரண்டாம் பேச்சுக் கிடையாது. குளிசை போட்டும் தலையிடி நிற்கவில்லை. கண்ணுக்குள் மின்மினி பறக்கிறது என்றீர்கள். "வாற கிழமை கிளினிக்தானே, அப்ப சொல்லுறன்" என்று படுத்தீர்கள். பின்னேரம் வலிப்பு வந்தது.

"பிறஷர் ஏறியிருக்கு. முகம் வீங்கினதும் அதாலதான். தலையிடி எண்டவுடன கொண்டு வந்திருக்கலாமே" என்று ஆஸ்பத்திரியில் டொக்டர் அண்ணாவிடம் கேட்டார். வீட்டுக்கு நீங்களும் திரும்பி வரவில்லை, பிள்ளையும் வரவில்லை. அந்தப் பலகாரக்காரரை எனக்கு இன்னும் பிடிக்காது.

இன்றைக்கு மிளகாய் நன்றாகவே கமறியது. எல்லோரும் இருமினோம். பாவம், அம்மாவுக்கு வேறு என்ன தெரியும்?

"மணக்குது பிள்ளை, உனக்கு ஒண்டுமில்லை" என்றார்.

"ஒண்டுமில்லாட்டி திரும்பி வாறன் அம்மா" என்று செருப்பை மாட்டினேன்.

ஆஸ்பத்திரியில் கையில் பட்டியைக் கட்டிப் பார்த்தார்கள், சிறுநீரையும் சோதித்தார்கள். பிறஷர் ஏறித்தான் இருக்கிறது. வீட்டுக்கு விடாமல் வாட்டில் மறித்துவிட்டார்கள், மருந்து ஓடுகிறது. பிள்ளையின் இதயம் அடிப்பதைக் கேட்கவிட்டார்கள். பயமாக இருக்கிறது, மச்சாள்.

தாதி வந்து வந்து தலையிடிக்குதா என்று கேட்கிறார். உங்களிடம் ஒருவரும் கேட்காத கேள்வி. வாட்டுக்கே கேட்கும்படி சொல்கிறேன்: "ஓம், இடிக்குது."