ஸ்டிக்கரான முகம்

மார்ச் 6, வியாழன்

இன்று முழுக்க நின்றபடியே வேலை. தபாலாபீஸ்காரி தலையில் சுருள்களோடு உட்கார்ந்து தன் மருமகளைத் திட்டித் தீர்த்தாள். இந்த ஊரில் எனக்குத் தெரியாத வீட்டுச் சண்டை கிடையாது. தலையை ஒருத்தி கையில் கொடுத்த பிறகு யாருக்கும் வாய் நிற்பதில்லை. கேட்டதையெல்லாம் சாயங்காலம் தரையில் கிடக்கிற முடியோடு சேர்த்துப் பெருக்கித் தள்ளிவிடுவேன். அதனால்தான் வீட்டு முன்னறையில் போட்ட இந்தப் பார்லர் இத்தனை வருஷமாக ஓடுகிறது.

என் மகள் போரி மறுபடியும் சாப்பிடவில்லை. பள்ளியிலேயே சாப்பிட்டுவிட்டாளாம்.

மார்ச் 11, செவ்வாய்

பள்ளியிலும் சாப்பிடுவதில்லை. யார் கண்ணிலும் படும்படி என் மகள் வாயைத் திறப்பதில்லை.

அவள் குளிக்கப் போனபோது சார்ஜில் கிடந்த போன் ஓயாமல் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். எட்டாம் வகுப்புக் குழு. பள்ளிக் கார்னிவலில் டோனட் தின்றபோது யாரோ எடுத்த படம் – வாய் பிளந்திருக்கிறது, மோவாயில் ஜாம் வழிகிறது, கண் பாதி மூடியிருக்கிறது. அதை வெட்டி ஸ்டிக்கர் ஆக்கியிருக்கிறார்கள். நாளைக்குக் கணக்குப் பரீட்சை உண்டா என்று ஒருத்தி கேட்டால் பதிலுக்கு என் மகளின் முகம். குட் நைட்டுக்கும் அதே முகம். திட்டுகூட இல்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டலாம்.

கண்டுகொள்ளாதே, அலுத்துப்போய் விட்டுவிடுவார்கள் என்று சொன்னேன். சரிம்மா என்றாள். இந்தப் பெண்ணுக்கு என் வாயில் பாதியாவது இருந்திருக்கக் கூடாதா?

மார்ச் 19, புதன்

வகுப்பு டீச்சரைப் போய்ப் பார்த்தேன். பாவம், நல்லது செய்கிறேன் என்றுதான் கிளம்பியிருக்கிறாள். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவராகப் போரியிடம் மன்னிப்புக் கேட்க வைத்தாளாம். எல்லோரும் கேட்டார்கள். மதியத்துக்குள் ஸ்டிக்கருக்குக் கண்ணீர் வரைந்து சேர்த்துவிட்டார்கள். இப்போது வாய் பிளந்து அழுகிறாள்.

"இனிமே யார்கிட்டயும் எனக்காகப் பேசாதம்மா" என்றாள்.

மார்ச் 27, வியாழன்

அதேல் தலைக்குச் சாயம் போட்டுக்கொள்ள வந்தாள். நோட்டரி ஆபீசில் வேலை, பேச்சில் கொஞ்சம் மிடுக்கு உண்டு. அவள் மகன் சோங்கோர் போரியின் வகுப்புதான். குழுவில் நடப்பதைக் கேட்டுவிடலாமா என்று நினைத்து, வாடிக்கை போய்விடுமோ என்று வாயை மூடிக்கொண்டேன்.

தலையில் சாயத்தோடு உட்கார்ந்திருந்தவள் திடீரென்று அழுதாள். புருஷன் லாரி விபத்தில் செத்ததிலிருந்து பையன் படுக்கையை நனைக்கிறானாம். பதினான்கு வயது. டாக்டரிடம் கூப்பிட்டால் வர மாட்டேன் என்கிறானாம். விடியும் முன்பே எழுந்து விரிப்பைத் தானே அலசிப் போடுகிறானாம். தோளைத் தட்டிக் கொடுத்தேன். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றேன்.

சொல்லவும் மாட்டேன். பாவம் அந்தப் பையன்.

ஏப்ரல் 20, ஈஸ்டர் ஞாயிறு

வெங்காயத் தோலைக் கொதிக்கவைத்து முட்டைகளுக்கு நிறமேற்றினேன். அழகாக வந்திருக்கின்றன. போரி சமையலறை வாசலில் வந்து நின்று, "நாளைக்கு கேட்டப் பூட்டிடும்மா" என்றாள்.

நன்றாகத் திட்டினேன். வயசுப் பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு ஈஸ்டர் திங்களன்று யாராவது கேட்டைப் பூட்டுவார்களா? பையன்கள் வந்து பாட்டுச் சொல்லித் தலையில் வாசனைத் தண்ணீர் தெளிக்காத பெண்ணைப் பார்த்து ஊரே உச்சுக் கொட்டும். போன வருஷம் என் அண்ணன் மகன்கள் மட்டும்தான் வந்தார்கள். அதை நான் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 21, திங்கள்

வந்தார்கள். வகுப்புப் பையன்கள் அத்தனை பேரும், தலை வாரி, சட்டையை மடித்து உள்ளே விட்டுக்கொண்டு. முன்னால் சோங்கோர். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் பெண்ணைத் தேடி இத்தனை பையன்களா? போரி அறையை விட்டு வரவில்லை. வெட்கப்படுகிறாள் என்று நானே மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

"ஆன்ட்டி, நல்லா கெட்டியாப் பிடிச்சுக்குங்க, ஓடிடப் போறா" என்றான் சோங்கோர். பிடித்துக்கொண்டேன். அவன் பாட்டைச் சொன்னான்:

"வாட வேணாம் பூச்செடியே, தண்ணி ஊத்த வந்தோம்,
வாய மட்டும் மூடிக்கிட்டா வந்த வழியே போவோம்."

சிரித்தேன். குறும்புக்காரப் பையன்கள் என்று நினைத்தேன். ஒவ்வொருவனும் குப்பியைத் திறந்து அவள் தலையில் ஊற்றினான். புளித்த வாடை அடித்தது. இந்தக் காலத்து சென்ட் இப்படித்தான் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு கேக் வெட்டப் போனேன். எல்லோருக்கும் முட்டை கொடுத்தேன். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்கள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

தபாலாபீஸ்காரி காலையிலேயே வந்து போனை நீட்டி ஒரு வீடியோவைக் காட்டினாள். "பாத்தியா எனிகோ, உன் வீடுதானே இது?"

முட்டைக்கோஸ் ஊறப்போட்ட புளித்த தண்ணீர். அதைத்தான் ஊற்றியிருக்கிறார்கள். போரி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வாயைத் திறக்காமல் நிற்கிறாள். பக்கத்தில் ஒருத்தி அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, பல் முழுக்கத் தெரிய, கெக்கெக்கென்று சிரிக்கிறாள் – நான்தான் அது. நானேதான். ஐயோ, எப்படிச் சிரிக்கிறேன்.

போரியிடம் போய், தெரியாது கண்ணு, சத்தியமா எனக்குத் தெரியாது என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"கேட்டப் பூட்டச் சொன்னேன்ல."

ஏப்ரல் 28, திங்கள்

பள்ளி திறந்துவிட்டது. போரி எழுந்திருக்கவில்லை. நேற்றிலிருந்து தேநீர் மட்டும்தான். மத்தியானம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "நான் இல்லாமப் போனாலும் அந்த ஸ்டிக்கர் அவங்க போன்ல இருக்கும்ல?"



கடையில் இருந்த கத்தரிக்கோல்களையும் சவரக் கத்திகளையும் அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியைக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். வந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன். டாக்டர் நாளை வரச் சொல்லியிருக்கிறார்.

மே 6, செவ்வாய்

டாக்டரம்மா இன்று மறுபடியும் அவளோடு தனியாகப் பேசினாள். வெளியே வந்து என்னிடம், திட்டாதீர்கள், தனியாக விடாதீர்கள், பள்ளியில் எழுத்தில் புகார் கொடுங்கள், பழிவாங்கக் கிளம்பாதீர்கள் என்றாள். தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து, பெற்றோர் குழுவில் பணிவாகத்தான் எழுதினேன். வீடியோவை நீக்கச் சொல்லுங்கள், என் பெண்ணுக்கு உடம்பு சரியில்லை என்று. பிறகு அதேல் எழுதினாள்: "பசங்க விளையாட்டு எனிகோ. நீயே சிரிச்சுக்கிட்டுத்தானே நிக்கிறே. பொண்ணுக்குக் கொஞ்சம் சிரிக்கக் கத்துக்குடு." கீழே ஒரு சிரிக்கும் பொம்மை. அந்தப் பொம்மைக்குக் கீழே இன்னும் பத்துப் பொம்மைகள்.

எழுதினேன்: "ஊரான் வீட்டுப் பொண்ணு தலையில தண்ணி ஊத்த வர்றதுக்கு முன்னாடி, உன் பையன் ராத்திரி மெத்தையில ஊத்தாம இருக்கக் கத்துக்கட்டும்."

உடனே அழித்துவிட்டேன். தேநீர்க் கெட்டில் கொதிக்கக்கூட நேரமில்லை, அதற்குள் அழித்துவிட்டேன்.

மே 7, புதன்

அழிப்பதற்குள் யாரோ அதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டார்கள். காலையில் வகுப்புக் குழுவில் வந்துவிட்டது.

போரி போனோடு சமையலறைக்கு வந்தாள். பல நாளுக்குப் பிறகு தலை சீவியிருந்தாள். "நெஜமாவாம்மா?" என்றாள். ஆமாம் என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சூப்பை வைத்தேன், குடித்தாள். நூடுல்ஸ் வைத்தேன், தின்றாள். இன்னும் இருக்கா என்று கேட்டாள்.

எனக்கு வெட்கமாக இல்லை. எழுதியே வைக்கிறேன், சந்தோஷமாக இருந்தது. என் பிள்ளை தின்கிறாள். யார் வீட்டு மெத்தை நனைந்தால் எனக்கென்ன?

மே 15, வியாழன்

அதேல் வந்தாள். சாயம் போய் வகிடு வெளுத்துக் கிடந்தது. கத்துவாள் என்று நினைத்துப் பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். நாற்காலியில் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என் தலைய உன் கையில குடுத்துட்டுச் சொன்னதுடி அது."

அவள் மகன் செய்ததைச் சொன்னேன். தெரியும் என்றாள், அன்றைக்குக் குழுவில் தானும் சிரித்ததற்குத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் என்றாள். பையன் ஒரு வாரமாகப் பள்ளிக்குப் போகவில்லை. தூங்கினால்தானே நனையும் என்று ராத்திரி முழுக்கத் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறானாம். அவன் அறைக் கதவைக் கழற்றித் தாழ்வாரத்தில் சாய்த்து வைத்திருக்கிறாளாம், உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளாமல் இருக்க.

நான் ஏன் அந்த நேரத்தில் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை? வாயில் இருந்தது, வரவில்லை. சாயம் போட்டு விடட்டுமா என்றுதான் கேட்டேன். உட்காராமலே நின்றவள் அப்படியே திரும்பிப் போய்விட்டாள்.

ஜூன் 1, ஞாயிறு

புது ஸ்டிக்கர் ஒன்று சுற்றுகிறது. மெத்தை, அதன் நடுவில் சோங்கோரின் முகம், சுற்றிலும் நீந்துகிற வாத்துகள். நன்றாகச் செய்திருக்கிறார்கள் என்று எழுத வந்தேன். செய்தது போரி.

பழைய ஸ்டிக்கரை இப்போது யாரும் போடுவதில்லை. அவளுக்கு அங்கே பேர் கிடைத்துவிட்டது. மாலையில் தோழிகள் வந்து முன்னறையில் உட்கார்ந்து சிரிக்கிறார்கள். இந்த வீட்டில் இப்படிச் சிரிப்பு கேட்டு எவ்வளவு நாளாயிற்று.

அவர்கள் போன பிறகு, போதும் போரி, விட்டுவிடு, அந்தப் பையன் ஒருமாதிரி இருக்கிறான் என்றேன். எவ்வளவோ சொன்னேன். கதவு கழற்றியதையும் சொன்னேன் – அதைச் சொன்னது தப்போ என்று இப்போது பயமாக இருக்கிறது.

"நான் கெஞ்சினப்ப யாரு விட்டாங்க?" என்றாள். கோபம்கூட இல்லை. "ஆரம்பிச்சது நீதானம்மா. எனக்குன்னு நீ செஞ்ச ஒரே நல்ல காரியம் அதுதான்."

ஜூன் 3, செவ்வாய்

அதேலுக்கு மூன்று தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை.

ஜூன் 20, வெள்ளி

பள்ளியிலிருந்து விடைபெறும் விழா, இங்கே எட்டாம் வகுப்போடு பள்ளி முடிகிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வழக்கம்போல் தோளில் சின்னப் பையும் கையில் பூவுமாக, முன்னால் போகிறவர் தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டு, வகுப்பு வகுப்பாகப் பாடிக்கொண்டே நடந்து முற்றத்துக்கு வந்தார்கள். உயரப்படி வரிசை. சோங்கோர் வந்திருந்தான். அதேல்தான் கூட்டிக்கொண்டு வந்தாளாம், கடைசி நாளாவது தலை நிமிர்ந்து போகட்டும் என்று. எதிர்ப்புறம் பெரிய பூங்கொத்தோடு நின்றாள். பையன் பாதியாக இளைத்திருந்தான். அவனுக்குப் பின்னால் போரி.

அவள் பையிலிருந்து ஒரு காகிதக் கைக்குட்டையை எடுத்து உதறினாள். அவன் தோளில் விரித்தாள். நீவிச் சரிசெய்துவிட்டு, கை நனையாமல் இருக்க என்பதுபோல் அதன் மேல் தன் கையை வைத்தாள். பின்னால் வந்தவர்களுக்குப் பாட்டே வரவில்லை, அவ்வளவு சிரிப்பு. முற்றம் முழுக்கப் போன்கள் உயர்ந்தன. சோங்கோர் திரும்பவில்லை. தோளில் அந்த வெள்ளைக் காகிதத்தோடு, முற்றத்தை ஒரு சுற்று, கடைசி வரை, பாடிக்கொண்டே நடந்தான். அதேல் என்னைப் பார்த்தாள். நான் பூக்களைப் பார்த்தேன்.

முடிந்ததும் போரி ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். கன்னம் இரண்டும் சிவந்து, பார்க்க அவ்வளவு அழகாக இருந்தாள்.

"வீடியோ எடுத்தியாம்மா?"

எடுத்திருந்தேன். அவள் வாசலில் தெரிந்ததிலிருந்து எடுத்துக்கொண்டுதான் இருந்தேன், எந்தத் தாய் எடுக்க மாட்டாள்? போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, இல்லை என்றேன். பரவாயில்லை, வந்துவிட்டது என்று தன்னுடையதைத் திருப்பிக் காட்டினாள். அதற்குள் ஸ்டிக்கராகவே ஆகியிருந்தது.

பசிக்கிறது, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்றாள்.