உன் பேரில் விழுந்த ஆயில் கறை

என் ஆசை அண்ணனுக்கு,

சோப்பு போட்டு மூன்று தடவை கழுவினேன், சீயக்காய் போட்டும் தேய்த்துப் பார்த்தேன். போகவில்லை. நகக்கண்ணெல்லாம் கறுப்பு, முகர்ந்தால் கருகின ஆயில் நாற்றம். செங்கம் ரோடு ஷெட்டில் இருபது வருஷம் இதற்குள்ளேயே கிடந்தவன் நீ, உனக்கு இது நாற்றமாகத் தெரியாது. எனக்குக் குமட்டுகிறது. இன்றைக்கு எனக்கு எல்லாமே குமட்டுகிறது.

அந்தப் பழைய பிக்கப் வேன் இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. போன ஆயுத பூஜைக்கு முன்னால் நீ என்ஜினை இறக்கி, பிரித்துச் சேர்த்து மாட்டிக் கொடுத்தாயே, அதேதான். கீழ்பென்னாத்தூரிலிருந்து மல்லாட்டை மூட்டை ஏற்றிக்கொண்டு வருகிறது, நின்ற இடமெல்லாம் கறுப்பாகச் சொட்டுகிறது. வாசலில் சாணி தெளித்தால் ஆயில் மேலே மிதக்கிறது, அதன்மேல் எங்கே கோலம் போடுவது? ஒரு வருஷமாகக் காலையில் எழுந்ததும் நான் மிதிப்பது இந்தக் கருமத்தைத்தான்.

சொட்டுகிற ஒவ்வொரு சொட்டுக்கும் உன் பேரைத்தான் சொன்னார்கள். ஆரம்பித்து வைத்தது வேறு யாருமில்லை, உன் அருமை மாப்பிள்ளை, என் வீட்டுக்காரர். "புது சீலுன்னு சொல்லிட்டு மச்சான் பழசையே துடைச்சு மாட்டிட்டாரு" என்று வேன் ஸ்டாண்டில் நின்று சொன்னார். என்ஜினுக்குப் பின்னால் ஆயில் வெளியே வராமல் பிடித்துக்கொள்கிற ரப்பர் வளையம்தான் சீல், அது எனக்கே அப்புறம்தான் தெரிந்தது. டீக்கடை வாய்களுக்கு அந்த ஒரு பேச்சு போதாதா? "சொந்தத் தங்கச்சி வூட்டு வண்டியிலயே கைவரிசை காட்டினவன், நம்ம வண்டிய விட்டுடுவானா?" என்றார்கள். உன்னிடம் ஓசியில் பிளக் சுத்தம் செய்துகொண்டு போனவன்கூடச் சொன்னான். நாக்கு கூசவில்லை.

நீ மறுபடியும் சீல் மாற்றினாய். மறுபடியும் ஒழுகியது. மூன்றாம் தடவை நீ வந்து வாசலில் நின்று கேட்டது இப்போதும் என் காதிலேயே இருக்கிறது.

"மாப்ளே, ஒரு எடத்துல ஒழுகினா சீலு. எல்லா எடத்துலயும் ஒழுகுதுன்னா என்ஜினுக்கு மூச்சு அடைக்குதுன்னு அர்த்தம். பக்கத்துல தொங்குற மூச்சுக் குழாய பாத்தீங்களா?"

"எல்லாம் பாத்தாச்சு மச்சான். இனிமே நீங்க கை வைக்காம இருந்தா அதுவே போதும்."

அவர் பார்க்கவில்லை, அண்ணா. சலவைச் சட்டையில் அழுக்குப் படும் என்று பானெட்டைக்கூடத் தூக்கவில்லை. உனக்கு மோர் கொண்டுவந்த நான் டம்ளரோடு அப்படியே நின்றேன். நீ அதை வாங்கவில்லை. என் பக்கம் திரும்பி, "மண்ணெண்ணெய் போட்டு என்ஜின நல்லா கழுவி, காய வச்சு, மேல விபூதி தூவி ஓடவிட்டுப் பாரும்மா. எங்கேர்ந்து வருதுன்னு தெரிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டுப் போனாய். அதற்கப்புறம் என் வீட்டுப் படி ஏறவில்லை. பங்குனியில் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது. கடைசியில் என்ன நினைத்துக்கொண்டு போனாய்? உன் கைமேல் உனக்கே சந்தேகம் வந்துவிட்டதா?

அதற்கு முன்பே ஷெட்டுக்கு வண்டி வருவது நின்றுவிட்டிருந்தது. அண்ணி இப்போது ஆசிரமத்துப் பக்கம் வெள்ளைக்காரர்கள் தங்குகிற வீடு ஒன்றில் பாத்திரம் தேய்க்கிறார். ஷெட் சாவியை மட்டும் யாரிடமும் கொடுக்கவில்லை.

உனக்கப்புறம் இரண்டு மெக்கானிக்குகள் வந்தார்கள். என்ஜின்மேல் ஆயிலும் புழுதியும் சேர்ந்து அடை மாதிரி அப்பிக் கிடந்தது. அதைக் கழுவ வேண்டும் என்று ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. வாய் நிறைய வெற்றிலையோடு குனிந்து பார்த்து, அந்த அழுக்கில் விரலை வைத்து, "இங்கதான் லீக்கு. பழைய ஆளு கெடுத்து வச்சிருக்காரு" என்று என் வாசலிலேயே துப்பினான் ஒருத்தன். இவரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்.

நேற்று இவர் போளூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பானெட்டைத் தூக்கினேன். ரேஷன் மண்ணெண்ணெயும் தேங்காய் நாரும் வைத்துக்கொண்டு காலை முழுக்கத் தேய்த்தேன். சுரண்டச் சுரண்ட வந்தது, சீ, பார்க்கவே முடியவில்லை. காய்ந்த பிறகு கோயில் விபூதியைத் தூவினேன். எதிர் வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "வண்டிக்குப் பூசையா செல்வி?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கு ஓட்டத் தெரியாது, ஸ்டார்ட் பண்ணத் தெரியும். நின்ற இடத்திலேயே ஓடவிட்டேன்.

முதலில் மேல்மூடி ஓரத்தில் விபூதி நனைந்தது. அப்புறம் முன்பக்கம். அப்புறம் பின்பக்கம். ஆயில் அளவு பார்க்கிற கம்பி யாரும் தொடாமலே ஒரு விரற்கடை எழும்பி நின்றது. எல்லா இடத்திலும்தான் ஒழுகுகிறது. நீ சொன்ன வார்த்தை அப்போதுதான் எனக்கு உறைத்தது. பக்கத்தில் தொங்குகிற குழாயைத் தேடினேன்.

அண்ணா, அந்தக் குழாயை எனக்குத் தெரியும்.

போன ஆயுத பூஜையன்றைக்கு நீயும் இவரும் ஒன்றாக நின்று அந்த வண்டிக்குப் பூசணிக்காய் உடைத்தீர்கள். பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். இரண்டு பேரும் இப்படியே ஒற்றுமையாக இருக்க வேண்டும் என்று அண்ணாமலையாரை வேண்டிக்கொண்டு, மஞ்சள் துணியில் நாலணா முடிந்தேன். அதைச் சாமி மாடத்தில் வைத்திருக்கலாம். இவர் கிண்டல் பண்ணுவார் என்று, வண்டியிலேயே யார் கண்ணிலும் படாத இடமாகத் தேடினேன். சும்மா தொங்கிக்கொண்டிருந்த அந்தக் குழாய்தான் கிடைத்தது. விரலால் திணித்தேன். போதாதென்று கரண்டிக் காம்பால் அழுத்தினேன்.

கொண்டை ஊசியை வளைத்து மாட்டி இழுத்தேன். புஸ்ஸென்று சூடாக முகத்தில் அடித்தது. முடிச்சு கையோடு வந்தது, கறுத்து, கொழகொழவென்று, செத்த எலிபோல. கம்பியை அழுத்திவிட்டேன், மறுபடி எழும்பவில்லை. இன்று காலை வாசல் காய்ந்து கிடந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

மத்தியானம் இவர் வந்ததும் முடிச்சைக் காட்டிச் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே அதைப் பார்த்தார். அப்புறம், "சாமிக்கு முடிஞ்சது, அதப் போயி வெளில சொல்லி எதுக்கு மானத்த வாங்கற? போனவரு வந்து கேக்கவா போறாரு?" என்றார். சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார். நானும் ஊற்றினேன். ஊற்றும்போது, ஆமாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று எனக்கும் ஒரு நொடி தோன்றியது. அவர்மேல் வந்த அருவருப்பைவிட என்மேல் வந்ததுதான் பெரிது. அதனால்தான் உடனே உட்கார்ந்து இதை எழுதுகிறேன், மனசு மாறுவதற்குள்.

இன்னும் நாலு நாளில் ஆயுத பூஜை. ஸ்டாண்டில் எல்லா வண்டியும் வரிசையாக நிற்கும், எல்லா வாயும் அங்கே இருக்கும். அண்ணியைக் கையோடு கூட்டிக்கொண்டு போவேன். இந்த முடிச்சை எல்லார் முன்னாலும் பிடித்துக்கொண்டு சொல்வேன்: "எங்க அண்ணன் போட்டது புது சீலு. ஒழுக வச்சது நானு. பாக்காமலே பாத்தேன்னு சொன்னது இவரு." இது சத்தியம், அண்ணா. அதற்கப்புறம் இவர் என்னை வீட்டுக்குள் விடாவிட்டால், அண்ணியிடம் சாவியை வாங்கி உன் ஷெட்டிலேயே படுத்துக்கொள்வேன். ஆயில் நாற்றம் எனக்குப் பழகிவிடும்.

உனக்குப் பின்னால் பிறந்து,
உன் பேரைக் கெடுத்த தங்கச்சி,
செல்வி