வாழ்த்துக்குக் கீழே இரண்டாம் பத்தி

மார்ச் 22, சனி

காலையிலேயே வெக்கை. கெமிஸ்ட்ரி ரிவிஷன் பாதியில். அமெரிக்கக் கல்லூரியிலிருந்து மெயில். முதல் வரி: வாழ்த்துகள், இடம் கிடைத்துவிட்டது. அதற்கு மேல் அப்பா படிக்க விடவில்லை. "அம்மணி, செயிச்சுப்போட்டே!" போகிற வழியில் மைசூர்பாகு வாங்கிக்கொண்டு மேட்டுப்பாளையம் டிப்போவுக்கு டூட்டி. ஊட்டி பஸ் டிரைவரின் மகள் அமெரிக்கா போகிறாள், எல்லோருக்கும் ஸ்வீட்.

அவர் போன பிறகுதான் இரண்டாம் பத்தி. வெளிநாட்டு மாணவர்களுக்கு நிதி உதவி மிகக் குறைவாம். எனக்கு இல்லை. முழுச் செலவும் எங்களுடையது. கட்ட முடியும் என்று காட்டினால்தான் விசாவுக்கான தாளே வரும்.

மார்ச் 23, ஞாயிறு

சர்ச்சில் என் பெயரைச் சொல்லி ஜெபம். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

சாயங்காலம் வீட்டில் இரண்டாம் பத்தியைச் சொல்லிவிட்டேன். அம்மா நர்ஸ் யூனிஃபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டே இருந்தாள். அப்பா மட்டும்: "பணம் குடுக்க மாட்டாங்கன்னா அப்பறம் எதுக்குக் கண்ணு வாழ்த்துச் சொன்னாங்க?"



மார்ச் 29, சனி

உதவி கேட்டு மறுபடி எழுதியதற்குப் பதில். வருந்துகிறார்களாம். அழகான இங்கிலீஷ்.

மத்தியானம் தாரணி வந்தாள். என் வகுப்பு, அவள் அப்பாவுக்கு ஈரோட்டில் மில். அதே கல்லூரி, அவளுக்கும் இடம். விண்ணப்பத்தோடு அவள் அனுப்பிய கட்டுரையைத் திருத்திக் கொடுத்தவள் நான். "லோன் போடச் சொல்லுடி. எல்லாரும் போடறாங்கல்ல? ஒரே ரூம்ல இருக்கலாம்."

அடமானம் வைக்க எங்களுக்கு மில் இல்லை என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கணும். அவள் கெட்டவளாக இருந்தாலாவது திட்டலாம்.

ஏப்ரல் 4, வெள்ளி

அப்பா கையில் சரவணம்பட்டி வீட்டுமனைப் பத்திரம். "வித்துப்போடலாம். மொத வருசத்துக்கு ஆகும். பொறகு பாத்துக்கலாம்."

அம்மா: "ரெண்டாவது வருசம் புள்ளையப் பாதில திரும்பி வரச் சொல்லுவீங்களா?"

அப்பா தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிட்டார். நாளை புரோக்கர் வருகிறாராம்.

ஏப்ரல் 5, சனி

புரோக்கர் வருவதற்குள் லேப்டாப்பைத் திறந்தேன். கல்லூரியின் பக்கத்தில், வரவில்லை என்பதற்கு ஒரு பட்டன். உறுதிதானா என்று கேட்டது. உறுதிதான்.

அப்பாவிடம் காட்டினேன். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். முகம் கழுவப் போனவர் வெகுநேரம் குழாயை மூடவில்லை. தண்ணீர் வீணாகிறது என்று அம்மாகூடச் சொல்லவில்லை.

ஏப்ரல் 12, சனி

அப்பா சாப்பாட்டை மறந்து போய்விட்டார். மேட்டுப்பாளையம் கொண்டுபோய்க் கொடுத்தேன். டிப்போ வாசலில் அவருடைய கண்டக்டர்: "ஏனுங்க, புள்ள எப்பங்க பிளைட் ஏறுது?"

அப்பா என்னைப் பார்க்கவில்லை. "என்ற புள்ளைக்கு எங்கள உட்டுப்போட்டுப் போக மனசு வரலீங்க. நாங்களும் எவ்வளவோ சொல்லிப் பாத்தோமுங்க."

"பொட்டப்புள்ளைங்கல்லோ, பயப்படத்தானுங்க செய்யும்," என்று கண்டக்டர் சிரித்தார்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.