என் பெயரில் ஒரு சத்தியக்கடதாசி

1986 யூலை 1, செவ்வாய்

கச்சான் காற்று. வாயெல்லாம் மணல். டைப்ரைட்டருக்கு ரிப்பன் வாங்க வேண்டும். கிணற்றுக் கப்பிக்கு எண்ணெய்.

காலையில் பாண்டிருப்பிலிருந்து பாக்கியம் வந்தாள். மகன் சிவநேசன், வயது பத்தொன்பது, தச்சு வேலை. போன வெள்ளி சந்தைக்கு முன்னால் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். படை முகாமில் கேட்டால், அப்படி ஒருவரையும் பிடிக்கவில்லை என்கிறார்கள். சத்தியக்கடதாசி அடித்து, வாசித்துக் காட்டி, கைநாட்டு வாங்கி, சமாதான நீதவான், ஜே.பி., என்ற என் முத்திரையைக் குத்தினேன். ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு வேறென்ன வேலை. இந்த வருடம் இப்படி வந்த தாய்மாரை எண்ணுவதை விட்டுவிட்டேன்.

சனம் சொல்லித்தான் தெரியும் என்றாள். அப்படியே எழுதினேன். யார் கண்டது என்று கேட்கவில்லை.

யூலை 3, வியாழன்

ரிப்பன் கிடைக்கவில்லை.

இங்காவது எழுதுவோம். நான் கண்டேன். அந்த வெள்ளி, ஜும்ஆ தொழுகைக்கு முன், சந்தையில் சுறா வாங்கிக்கொண்டு நின்றேன். ஜீப் இலக்கமும் மனதில் இருக்கிறது. வீட்டுக்கு வந்து மீனைக் கொடுத்தேன், பள்ளிக்குப் போனேன், தொழுதேன். கோழைப் பயல்.

யூலை 7, திங்கள்

பாக்கியத்தின் கடதாசியை அனுப்பியிருந்த கொழும்பு லோயரின் பதில். இந்த வழக்குகளை எடுக்கிற ஒரே ஆள், போன மாதம் அவர் வீட்டுக்குக் கல் எறிந்தார்கள். நாலே வரி: கேள்விப்பட்டது கோர்ட்டில் நிற்காது. கண்ட ஒருவர் பெயரோடு வர வேண்டும். சீக்கிரம்.

சந்தைக்குப் போனேன். அன்றைக்கு அங்கே ஒருவருக்கும் கண் தெரியவில்லை போலும். மீன்காரன் மட்டும் தராசைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "மாஸ்டர், நீங்களும் நிண்டீங்கதானே."

குடையை அங்கேயே மறந்துவிட்டு வந்தேன்.

யூலை 8, செவ்வாய்

பழைய ரிப்பனிலேயே என் சத்தியக்கடதாசியை அடித்தேன். கை பழக்கத்தில் "இந்துவாகிய நான், உண்மையாகவும் பயபக்தியுடனும்" என்று ஓடிவிட்டது. வெட்டி, "முஸ்லிமாகிய நான்" என்று அடித்து, ஓரத்தில் சிறுகையொப்பம். இத்தனை நாளும் மற்றவர்களுக்குச் சத்தியம் எழுதியவனுக்குத் தன் சத்தியம் வரவில்லை.

மனைவி சுலைஹா எடுத்து வாசித்தாள். "அந்த ஆக்களுக்கு எழுதிக் குடுக்கிறது போதாதா? நமக்கும் மூணு பொம்புளப் புள்ளயள் இருக்கு." அவள் சொல்வதில் பிழை இல்லை. அதுதான் தொல்லை. இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

யூலை 10, வியாழன்

என் சத்தியத்தை நானே அத்தாட்சிப்படுத்த முடியாது. இன்னொரு ஜே.பி. வேண்டும்.

ஒருவர்: காய்ச்சல் என்று மகன் வந்து சொன்னான். உள்ளே ரேடியோச் சத்தத்தோடு அவர் பேச்சும் கேட்டது.
மற்றவர்: பிளேன்டீ, வட்டிலப்பம், என் பிள்ளைகளின் சுகம். முத்திரை எங்கே வைத்தாரோ தெரியாதாம். முப்பது வருடச் சிநேகம். கோபமில்லை என்று எழுதப் பார்க்கிறேன். கோபம்தான்.

யூலை 12, சனி

பஸ்ஸில் தம்பிலுவிலுக்கு. இரண்டு இடத்தில் இறக்கிச் சோதனை. கடதாசி குர்ஆன் உறைக்குள். அல்லாஹ் மன்னிக்கட்டும்.

அங்கே ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர், ஜே.பி. தமிழர். இதனால் எனக்கு வரும் ஆபத்தைவிட அவருக்கு இரண்டு மடங்கு வரும். முழுவதையும் என்னைக் கொண்டே சத்தமாக வாசிப்பித்தார். "இலக்கம் சரிதானே?" என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். உள்ளே அவர் மகள் அழுதுகொண்டிருந்தாள். ஆனாலும் குத்தினார். முத்திரை கோணலாக விழுந்தது.

யூலை 14, திங்கள்

காற்று விடவில்லை. பாக்கியத்தைக் கூப்பிட்டு அனுப்பினேன். கொழும்புக்கு அனுப்புமுன் அவளுக்கு வாசித்துக் காட்டத்தானே வேண்டும்.

வாசித்தேன். நான் கண்டேன் என்ற இடத்தில் தலையைத் தூக்கினாள்.

"வெள்ளிக்கிழமையே கண்டீங்களா மாஸ்டர்?"

ஓம் என்றேன்.

"நான் உங்களிட்ட வரக்குள்ளயும் தெரியுமா?"

ஓம்.

ஏசுவாள் என்று இருந்தேன். ஏசியிருக்கலாம். என் கையிலிருந்த கடதாசியைப் பார்த்தாள். பிறகு, "ஜீப்பில ஏத்தக்குள்ள அடிச்சவங்களா?" என்றாள்.

இல்லை என்று சொல்லத்தான் வாய் வந்தது. அடித்தார்கள். துவக்குப் பிடியால், முகத்தில். அவன் அம்மா என்று கத்தினான். கடதாசியில் அதை விட்டிருந்தேன். இந்தக் கொப்பியிலும் விட்டிருந்தேன்.

ஓம், அடித்தார்கள் என்றேன்.

"அப்ப அதையும் எழுதுங்க," என்று சொல்லிவிட்டு, எதிரே நிலத்தில் உட்கார்ந்துகொண்டாள். புதுத் தாள் ஒன்றை மெஷினில் போட்டேன்.